கோடுகள் கூறும் உழைப்பு

ஓவியம் காண்பார் இருவகையினர். ஓவியத்தில் உள்ளதைக் கண்டு, பின் பொருள் கூறுவார் ஒருவகையினர். தம் உள்ளத்தில் உள்ளதை ஓவியத்தின்மேல் ஏற்றிக் கூறுவார் மற்றொரு வகையினர். இப்பின்னவரால் சில கோடுகளே கொண்ட பென்சில் ஓவியத்திற்கு நேரும் இடர் பெரிது. வெற்றிடம் மிகுந்த தாளில் எதையும் இட்டு நிரப்பலாம் அன்றோ?

காமீல் பிசாரோ (1830–1903) என்பார் வரைந்த உழவர் ஓவியங்கள் இதனை ஆராய்தற்கு ஏற்றவை. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் தாமஸில் பிறந்த அவர், 1855-ஆம் ஆண்டு பாரிஸ் நகரை அடைந்தார். பின்னர்ப் பொந்துவாஸ், எராஞி முதலிய ஊர்களில் உழவர்க்கு அண்மையில் நெடுங்காலம் வாழ்ந்தார். ஒளி கணந்தோறும் மாறுவது. ஆதலின் கண் அக்கணத்திற் கொண்ட பதிவையே தீட்டுதல் வேண்டும் என்பது அவர் சார்ந்த குழுவினர் கொள்கை. 1874 முதல் 1886 வரை அக்குழுவினர் பாரிஸில் எட்டுக் கண்காட்சிகள் நடத்தினர். எட்டிலும் பங்குகொண்டவர் பிசாரோ ஒருவரே. அக்குழுவினர்க்கு வழங்கும் 'மனப்பதிவு ஓவியர்' என்னும் பெயர், முதற்கண் எள்ளலாகவே எழுந்தது. அவர்தம் ஓவியங்கள் முற்றுப்பெறாதவை என்பது எள்ளியோர் கருத்து.

பிசாரோவின் கோட்டோவியங்கள் பல, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் காட்சிசாலையில் உள்ளன. வயலில் குனிந்து வேலை செய்யும் பெண், அவர் மீண்டும் மீண்டும் வரைந்த உருவம். அத்தகைய ஓவியத்தில் முகம் மறைந்திருக்கும். அன்றி, ஓரிரு கீற்றுகளோடு ஒழியும். முதுகின் வளைவோ ஒரே கோடாக அமையாது, ஒன்றையொன்று தொட்டும் விலகியும் செல்லும் இரண்டு மூன்று கோடுகளாக அமையும்.

இதனைக் காணும் ஒருவர், "கை தேராதவர் வரைந்தது" என்பர். மற்றொருவர், "துயர் பொறாது தலை கவிழ்ந்தாள்" என்று இரங்குவர். இருவரும் கோடுகளைக் கண்டாரல்லர். வேலை செய்பவள் அசையாது நிற்பாள் அல்லள். குனிவாள், நிமிர்வாள், மீண்டும் குனிவாள். கோடுகளும் அவளோடு செல்கின்றன. ஓவியர் தம் பிழையைத் திருத்தியதால் கோடு மிக்கது என்று கொள்ளினும் இழுக்கில்லை. உடலின் பாரம் இடுப்பில் நின்றதோ, முழங்காலில் இறங்கியதோ என்று தேடிய தேட்டமே அத்திருத்தம். முகம் தோன்றாமைக்கும் காரணம் வெளிப்படை: அவள் கண் மண்ணின்மேல் உள்ளது, காண்பார்மேல் இல்லை.

அவள் துயருற்றாளா, மகிழ்ந்தாளா என்பதற்குக் கோட்டில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் வாய் அடங்குதலே நேர்மை. நூலுக்கு உரை காண்பார், சொல்லில் இல்லாத பொருளைத் தம் விருப்பாற் புகுத்துதல் குற்றம் என்பர் பெரியோர். ஓவியத்திற்கு உரை காண்பார்க்கும் அவ்வரம்பு உண்டு.

இஃது ஓவியத்தளவில் நிற்கும் செய்தியன்று. உழவரைப் பற்றிப் பேசுவோர் பலர், ஒன்று இரங்குவர்; அன்றிப் புகழ்வர். கதிரை எவ்வளவு உயரத்தில் அறுப்பது, கிழங்கைச் சிதையாமல் எடுப்பது எவ்வாறு, நாள் முழுதும் குனிதற்கு முதுகை எங்ஙனம் பழக்குவது என்னும் அறிவெல்லாம் அவ்விரக்கத்திலும் புகழிலும் மறைந்து போகின்றன. பிசாரோ இரங்கவும் இல்லை, புகழவும் இல்லை என்பதே அக்கோடுகள் தரும் சான்று. அவர் உற்று நோக்கினார், நோக்கியதை வரைந்தார். முதுகின் வளைவு ஒன்றினை வரையறுக்க மும்முறை முயன்றவர், அவ்வுழைப்பை எளிதாக எண்ணியவராதல் இயலாது.

ஆதலின், இத்தகைய ஓவியத்தைக் காணும் மாணவர், "இதன் பொருள் யாது?" என்று வினவுமுன், "இங்கே உள்ள கோடு யாது? அஃது எங்கே அழுந்தியது? எங்கே மெலிந்தது?" என்று வினவுவாராக. அவ்வாறு பழகிய கண், நாளை வயல் வரப்பில் நின்று உழைப்பவரைக் காணும்போதும் உள்ளவாறே காணும்.