வியர்க்காமல் சைக்கிள் விடுங்கள்!

வடக்கே, பூமியின் உச்சிக்குப் பக்கத்தில், ஆகாசத்தில் பச்சைப் பட்டை உதறி விரித்தாற்போல் ஓர் ஒளி ஆடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படத்திலும் பார்த்திருப்பீர்கள். "அதை நேரில் பார்க்க வேண்டும், அதுவும் பனியில் சைக்கிள் விட்டுக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்" என்று உங்கள் வீட்டுப் பெண் சொன்னால் என்ன செய்வீர்கள்? "போதுமடி அம்மா, உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?" என்றுதான் கேட்பீர்கள்.

அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். பின்லாந்து தேசத்தில் ஔலு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில்தான் போகிறார்கள். பனிக்காலத்தில் சைக்கிள் விடுவது பற்றி ஆராய்வதற்காகவே 2013-ம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு மகாநாடு கூட்டினார்கள். அதே 2013 டிசம்பரில் மரியா லைஜர்ஸ்டாம் என்ற பிரிட்டிஷ் பெண்மணி மூன்று சக்கர சைக்கிளை மிதித்துத் தென்துருவத்துக்கே போய்ச் சேர்ந்தார். தென்துருவத்தை சைக்கிளில் எட்டிய முதல் ஆள் ஒரு பெண்தான்!

ஆகவே, போக முடியுமா என்ற கேள்வியே வேண்டாம். எப்படிப் போனால் பத்து விரல்களோடு திரும்பி வரலாம், ஒளியையும் பார்க்கலாம் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில்தான்: குறைவாகப் போங்கள், அதிகமாகக் காத்திருங்கள்.

முதலில் ஒளியின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சூரியனிடமிருந்து மின்சாரத் துகள்கள் ஓயாமல் காற்றைப் போல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்த சக்தி அவற்றைத் தடுக்கிறது. ஆனாலும் துருவப் பக்கங்களில் துகள்கள் கீழே பாய்ந்து ஆகாய வாயுக்களில் மோதுகின்றன. தரையிலிருந்து 100 கிலோ மீட்டருக்குச் சற்று மேலே பிராணவாயுவில் மோதினால் பச்சை. 200 கிலோ மீட்டருக்கு மேலே மோதினால் சிவப்பு. நைட்ரஜனில் மோதினால் நீலமும் ஊதாவும். பின்லாந்துக்காரர்கள் இந்த ஒளியை 'நரி நெருப்பு' என்கிறார்கள். பனி மலையில் ஒரு நரி ஓடும்போது அதன் வால் பட்டுப் பொறி பறந்து ஆகாசத்துக்கு ஏறுகிறதாம்!

அந்த நரி எப்போது ஓடும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல முடியாது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கும் செயற்கைக் கோள்கள் சூரியக் காற்றை அளக்கின்றன. நம் தேசத்து ஆதித்யா எல்-1 அங்கே 2024 ஜனவரி 6-ந் தேதி போய்ச் சேர்ந்தது. அதன் திட்ட இயக்குநர் நம் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்ற பெண்மணி என்பதில் நமக்கெல்லாம் பெருமை. அந்த இடத்தைத் தாண்டிய காற்று பூமிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். நிச்சயமான செய்தி கிடைப்பது அந்த ஒரு மணிக்கு முன்னால்தான். மூன்று நாளைக்கு முன் சொல்வதெல்லாம் ஊகம். அப்படியே நரி ஓடினாலும், நடுவில் மேகம் வந்து திரை போட்டுவிட்டால் போயிற்று.

இப்போது ஒரு சின்ன வீட்டுக் கணக்குப் போடுவோம். மூன்று ராத்திரியில் ஒரு ராத்திரிதான் ஒளி தெரியும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று ராத்திரி தங்கினால், ஒன்றுமே பார்க்காமல் திரும்புவதற்கு நூற்றுக்கு முப்பது பங்கு இடமிருக்கிறது. ஏழு ராத்திரி தங்கினால் அது ஆறாகக் குறைந்துவிடுகிறது! இரவுகளைக் கூட்டுங்கள், மைல்களைக் கூட்டாதீர்கள். ஐந்நூறு கிலோ மீட்டர் சைக்கிள் விட்டுக் களைத்துப் படுக்கையில் விழுகிறவளுக்கு, நடுநிசியில் வெளியே போய் நிற்க உடம்பில் தெம்பு ஏது?

எங்கே போவது? நான் சொல்லும் இடம் பின்லாந்தின் வடகோடியில் சாரிசெல்க்கா என்ற சிற்றூர். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சாலை வழியாகச் சுமார் 250 கிலோ மீட்டர் வடக்கே இருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து இவலோ வரை விமானம். அங்கிருந்து கொஞ்ச நேரம் பஸ். ரயில்தான் பிடிக்கும் என்பவர்கள் ராத்திரி வண்டியில் ரோவனியெமிக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஊரை ஒட்டியே ஊர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்கா. அதில் பனியை இறுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். நாலு அங்குல அகல டயர் போட்ட 'ஃபாட் பைக்' அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வீட்டு சைக்கிளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டிய சிரமம் இல்லை.

அந்த சைக்கிளின் டயரில் காற்றை நம் வழக்கப்படி கெட்டியாக அடிக்கக் கூடாது. கட்டை விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அப்போதுதான் அது பனியின் மேல் யானைப் பாதம் போல் பரவி நிற்கும். பனிக்கட்டியாய் உறைந்த ரோடானால், டயரில் ஆணி பதித்த சைக்கிளாகக் கேட்டு வாங்குங்கள்.

காலம்? டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி முதல் பகுதி வரை அங்கே சூரியனே எழுந்திருப்பதில்லை. பிப்ரவரி கடைசியும் மார்ச்சுமே உசிதம். பகலில் சைக்கிள் விட வெளிச்சம், இரவில் ஒளி பார்க்க இருட்டு, பாதையில் கெட்டியான பனி, மூன்றும் ஒன்றாய்க் கிடைக்கும். பௌர்ணமியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், அன்று மங்கலான ஒளி நிலவிலே கரைந்துவிடும்.

இனி உடம்புக்கு வருவோம். மெலிந்த உடம்புக்காரர்களும் வயதானவர்களும் "குளிர் தாங்குமா?" என்று பயப்படுவார்கள். வாஸ்தவத்தில் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, வியர்வைக்குத்தான்!

ஆச்சரியமாக இருக்கிறதா? ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். உள்ளுடுப்பு நனையும். பிறகு ஒளியைப் பார்க்க நின்று அண்ணாந்தால், நனைந்த துணி உடம்பின் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். அரை மணியில் நடுக்கம் ஆரம்பம். நம் ஊரில் பருத்திக்கு மிஞ்சிய துணி கிடையாது. அங்கே பருத்திதான் முதல் எதிரி; நனைந்தால் காயவே காயாது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத சட்டை. இவ்வளவே சைக்கிள் விடும்போது. புறப்படும் சமயம் கொஞ்சம் குளிர வேண்டும். புறப்படும்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு சட்டை அதிகம் என்று அர்த்தம். வியர்க்கிறதென்று தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். இறங்கித் தள்ளினாலும் பாதகமில்லை.

காத்திருப்பதற்கு வேண்டிய உடுப்பே வேறு. இறகு அடைத்த பெரிய கோட்டுப் பையிலேயே இருக்கட்டும். சைக்கிளை நிறுத்திய மறு நிமிஷமே, குளிர் தோன்றுவதற்கு முன்னால், அதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகு மாட்டினால் குளிரைத்தான் உள்ளே வைத்துத் தைத்ததாகும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், முகத்தின் தோலுக்கு அது கீழே 30 டிகிரி போலிருக்கும். இறக்கத்தில் இன்னும் மோசம். ஆகையால் மூக்கையும் கன்னத்தையும் துணியால் மூடுங்கள். ஹாண்டில் பாரில் மாட்டுவதற்கென்று உறை விற்கிறார்கள். அதற்குள் கையை விட்டுக்கொள்ளலாம். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்த பூட்ஸில் ரத்தம் ஓடாது, விரல் விறைக்கும். வெறுங்கையால் இரும்பைத் தொடாதீர்கள்.

கூடப் போகிறவரை அடிக்கடி பாருங்கள். உங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளையாய் ஒரு திட்டுத் தெரிந்தால் அது உறைய ஆரம்பித்துவிட்டது. அதைத் தேய்க்கவே கூடாது. வெறும் உள்ளங்கையை அதன் மேல் ஒத்தி வைத்துச் சூடாக்க வேண்டும். உடனே கூரைக்குள் போய்விட வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். தன் மூக்கு வெளுத்தது தனக்குத் தெரியாது அல்லவா?

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலே இருக்கும் தண்ணீர் முதலில் உறையும். தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாமல் மிஞ்சும். பிளாஸ்கில் வெந்நீரோ டீயோ இருந்தால் இன்னும் விசேஷம். கைப்பேசியை மார்போடு சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பாட்டரி சட்டென்று செத்துப் போகும். ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் 112.

என் யோசனைப்படி எட்டு இரவுகள். முதல் இரண்டு நாள் சாரிசெல்க்காவைச் சுற்றி ஐந்தாறு கிலோ மீட்டர் மட்டும். பிறகு ஒரு பகலில் நிதானமாகக் கீலோபா என்ற இடத்துக்குப் போய் அங்கே மூன்று இரவு. அங்கே புகை போட்டுச் சூடேற்றும் ஸௌனா உண்டு. உடம்பு வலியெல்லாம் பறந்துவிடும். மீதி இரவுகளுக்குத் திரும்பி வந்துவிடலாம். மேகம் மூடிய ஒரு நாளில் பஸ் ஏறி இனாரிக்குப் போய், ஸாமி இன மக்களின் வாழ்க்கையைக் காட்டும் ஸீடா மியூசியத்தைப் பார்த்து வாருங்கள். நெடுஞ்சாலையில் லாரிகளோடு சைக்கிள் விடும் யோசனையை முதல் தடவை அடியோடு விட்டுவிடுங்கள்.

காட்டில் ஆங்காங்கே திறந்த குடிசைகள் உண்டு. வாடகை இல்லை, பூட்டு இல்லை. உள்ளே அடுப்பு உண்டு. அங்கே ஒரு பழைய வழக்கம்: கடைசியில் வருகிறவருக்கே முதல் உரிமை. முன்பே வந்து குளிர் காய்ந்தவர் எழுந்து இடம் விட வேண்டும். "எனக்கு முன்னாலேயே ரிசர்வ் ஆகிவிட்டது" என்ற பேச்சு செல்லாது!

இரவு 9 மணி முதல் 1 மணி வரைதான் முக்கியம். ஊர் விளக்கு மறையும் தூரம் போனால் போதும். இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சைக்கிள் கெட்டுப் போனாலும் தள்ளிக்கொண்டு நடந்தே திரும்பக் கூடிய தூரம். இரண்டு, மூன்று கிலோ மீட்டருக்கு மேல் வேண்டாம். குளிரில் கிரீஸ் இறுகிப் பெடல் வெறுமே சுற்றுவது அங்கே சகஜம். இன்னொரு விதி: பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக்குப் போனால் சைக்கிள் வெளியே எடுப்பதில்லை, வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. அந்த தேசத்தில் 1999 ஜனவரியில் கீழே 51.5 டிகிரி வரை போயிருக்கிறது! இந்த விதிகளை வீட்டில் கூடத்தில் உட்கார்ந்தே எழுதி வைத்துவிடுங்கள். அங்கே போன பிறகு, தலைக்கு மேல் ஒளி ஆடும்போது, "இன்னும் கொஞ்சம் தூரம்" என்று மனசு சபலப்படும்.

முக்கியமான ஒன்று. படத்தில் பார்க்கும் பச்சையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆரம்பத்தில் அது வெளுத்த மேகப் பட்டையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். "வெறும் மேகம்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு கோட்டை விட்டவர்கள் உண்டு. வடக்கே ஒரு வளைவு நகராமல் நின்றால், பொறுத்திருங்கள். திடீரென்று அது அசையும். திரைச் சீலையாய் மடியும். நீங்கள் பிளாஸ்கின் மூடியைத் திறக்கவும் மறந்து நிற்பீர்கள்.

எட்டு இரவும் மேகம் மூடிவிட்டால்? அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டே புறப்படுங்கள். காலடியில் பனி நொறுங்கும் சத்தமும், பாதையைக் கடந்து போகும் கலைமான் கூட்டமும், முன்பின் தெரியாதவருக்கு அடுப்புப் பக்கத்து இடத்தை விட்டுக் கொடுத்த ஞாபகமும் கையில் இருக்கும். அது போதும் என்று தோன்றினால் டிக்கெட் வாங்குங்கள். போதாது என்று தோன்றினால் இந்தப் பிரயாணம் உங்களுக்கு வேண்டாம்.