முதல் கோணல் எங்கே? மரக் கப்பல் கிட் பாதியில் நிற்பதன் காரணம்

சனிக்கிழமை மதியம் பெட்டி வந்து சேர்கிறது. மூடியில் எல்லாப் பாய்களையும் விரித்தபடி ஒரு கப்பல். திறந்து பார்த்தால் கப்பலின் சாயல்கூட உள்ளே இல்லை. லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகள், கட்டுக் கட்டாக மெல்லிய மரப் பலகைகள், ஒரு பொட்டலம் பித்தளை ஆணி, நூல்கண்டு, போர்வை மாதிரி விரியும் வரைபடம். "இவ்வளவுதானா? ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்" என்று தோன்றும். அன்று இரவே எலும்புக்கூடு மேசைமேல் நின்றுவிடும். மூன்றாவது வாரம் அது பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

மரக் கப்பல் கிட் வாங்கியவர்கள் மத்தியில் இது பழகிப்போன கதை. பாய்மரம், கயிறு, பீரங்கி என்று ஆசை காட்டும் வேலைகளுக்குப் போகும் முன்பே, ‘ஹல்’ எனப்படும் கப்பலின் உடற்பகுதியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். "எனக்குப் பொறுமை போதாது" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அது முழு உண்மை இல்லை. அவர்களிடம் பொறுமை இருக்கிறது. தேவைப்படாத இடத்தில் அதைக் கொட்டிவிட்டு, தேவைப்படும் இடத்தில் அவசரப்பட்டுவிடுகிறார்கள்.

எலும்புக்கூடு எப்படி நிற்கிறது?

இன்று விற்கும் பெரும்பாலான கிட்டுகளில் முறை ஒன்றுதான். கப்பலின் நீளத்துக்கு ஒரு பிளைவுட் நடுச்சட்டம், அது முதுகெலும்பு. அதில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் பத்துப் பதினைந்து குறுக்குச் சட்டங்கள் செருகப்படும். இவை ‘பல்க்ஹெட்’. விலா எலும்பு மாதிரி வரிசையாக நின்று, அந்தந்த இடத்தில் கப்பல் எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். அதன்மேல்தான் பலகை ஓடும்.

செருகுவது எளிது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். பிளைவுட் நடுச்சட்டம் பெட்டிக்குள்ளேயே லேசாக வளைந்திருக்கக்கூடும். அதன் ஒரு முனையில் கண்ணை வைத்து, நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒட்டிவிட்டால் கப்பல் பிறக்கும்போதே வாழைப்பழம். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றும் நடுச்சட்டத்துக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைமட்டம் இல்லாதவர்கள் குழந்தைகளின் லெகோ கட்டைகளை இருபுறமும் அணைத்து வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபெவிகால் டப்பாவைத் திறக்க வேண்டும்.

யாரும் சொல்லாத ஒரு வாரம்

அடுத்த வேலையைப் பல கிட்டுகளின் குறிப்பேடு ஓரிரு வரியில் கடந்துவிடும். உண்மையில் அது ஒரு வார வேலை.

லேசர் வெட்டிய குறுக்குச் சட்டத்தின் ஓரம் நேராக, சதுரமாக இருக்கும். ஆனால் கப்பல் முன்முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. பலகை அந்த வளைவில் திரும்பும்போது சட்டத்தின் ஒரு கூர்முனையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். பசை பிடிக்க இடமே இருக்காது. எனவே ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும், பலகை போகும் திசைக்கு ஏற்றபடி சரிவாக இழைக்க வேண்டும். நடுவில் உள்ள சட்டங்களுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. முன்முனையிலும் பின்முனையிலும் சரிவு அதிகம்.

சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு பலகையே போதும். அதை முன்னிருந்து பின்வரை சட்டங்களின்மேல் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சட்டத்தையும் முழு அகலத்தில் தொட வேண்டும். எங்கும் மேடு தட்டக் கூடாது, எங்கும் கீழே வெளிச்சம் தெரியக் கூடாது. மேடு இருந்தால் உப்புத்தாள். பள்ளம் இருந்தால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய மரச் சீவலை ஒட்டி மறுபடியும் இழைக்க வேண்டும். பிறகு பலகையை இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி அதே சோதனை. பிறகு மறுபக்கம்.

ஒரு வாரம் முழுக்க இதைச் செய்தாலும் போட்டோ எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. திங்கள்கிழமை எப்படி இருந்ததோ, ஞாயிற்றுக்கிழமையும் அது அப்படியேதான் கண்ணுக்குத் தெரியும். அவசரப்படத் தூண்டுவதும் அதுதான். "பலகை ஒட்டும்போது பாத்துக்கலாம்" என்று அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். பலகை ஒட்டும்போது பார்த்துக்கொள்ள முடியாது. ஐந்தாவது சட்டத்தில் விட்ட மேடு பதினைந்தாவது பலகையில் வயிற்றுப் புடைப்பாக எழும். அதற்குள் கீழே உள்ள எதையும் கழற்ற வழியிருக்காது.

பலகை ஏன் அடம்பிடிக்கிறது?

பலகைக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனும் ஐந்து மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கீற்றைத் தட்டையான பக்கமாக வளைத்தால் சொன்னபடி கேட்கும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டினால் இன்னும் நன்றாக வளையும். அதையே அகலவாக்கில், பக்கவாட்டில் வளைக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாது. ஒரு ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். வற்புறுத்தினால் உடையும்.

பிறகு எப்படிப் பொருத்துவது? விடை ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. கப்பலின் நடுவில் உள்ள சட்டத்தின் ஓரம் மேலிருந்து கீழ்வரை 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் பலகை என்றால் 20 பலகைகள். முன்முனைச் சட்டத்தில் அதே அளவு 70 மில்லிமீட்டர்தான். அங்கேயும் அதே 20 பலகைகள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பலகையும் முன்முனையில் மூன்றரை மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். அதாவது, ஒட்டும் முன் ஒவ்வொரு பலகையின் நுனியையும் சீவ வேண்டும். சீவாமல் ஒட்டினால் பலகைகள் ஒன்றையொன்று மேலே தள்ளி, முன்முனையில் குவிந்துவிடும். பாதி அகலத்துக்கும் கீழே சீவ வேண்டிவந்தால், இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்துவிடுவது கப்பல் கட்டுபவர்களின் பழைய வழி. பின்முனையில் பல கப்பல்களில் கதை தலைகீழ். அங்கே இடைவெளி விழும். ஆப்பு மாதிரிக் கூரான சின்னப் பலகைகளால் அதை அடைக்க வேண்டும்.

இன்னொரு விதி: இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால், அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அந்த இழுப்பில் முதுகெலும்பே முறுக்கிக்கொள்ளும். ஊறிய பலகையை ஈரத்தோடு ஒட்டுவதும் தப்பு. காய்ந்து சுருங்கும்போது இடையில் கோடு விழும்.

மன்னிக்கும் தப்பும் மன்னிக்காத தப்பும்

இவ்வளவு விதிகளையும் கேட்டதும் புதியவர் பயந்துபோய், ஒவ்வொரு பலகையையும் நகை செய்வது போலப் பொருத்த ஆரம்பிக்கிறார். அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் அன்றைய தூக்கம் போச்சு. பத்தாவது பலகைக்குள் சலித்துவிடும். மனம் உடைந்து கிட்டை மூடிவைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அந்த இடைவெளி உண்மையில் ஒரு பிரச்சினையே இல்லை. பல கிட்டுகளில் பலகை இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு மலிவான, மென்மையான மரம். அதன்மேல் அரை மில்லிமீட்டர் தடிமனில் வால்நட் போன்ற அழகான மரம் இரண்டாம் அடுக்காக வரும். முதல் அடுக்கு யார் கண்ணிலும் படப்போவதில்லை. இடைவெளி விழுந்தால் இழைத்த தூளோடு ஃபெவிகாலைக் குழைத்துப் பட்டி பார்த்துவிடலாம். மேடு இருந்தால் தேய்த்துவிடலாம். தேய்க்கும்போது மூக்கில் முகக்கவசம் இருக்க வேண்டும். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கையால் தடவும்போது மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் போதும். மேலே வரும் மெல்லிய அடுக்கு, கீழே உள்ள வடிவத்தை அப்படியே காட்டும்.

ஆக, ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்ற பழமொழி இந்த வேலையில் எலும்புக்கூட்டுக்கு அப்படியே பொருந்தும். முதல் அடுக்குப் பலகைக்குப் பொருந்தவே பொருந்தாது. புதியவர்கள் செய்வது நேர்மாறு. திருத்தவே முடியாத எலும்புக்கூட்டை ஒரே இரவில் முடித்துவிட்டு, எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளக்கூடிய பலகையில் உயிரை விடுகிறார்கள்.

நிஜக் கப்பல்கள் என்ன சொல்கின்றன?

மாடல் கட்டுபவர்களில் பலரின் கனவு எச்.எம்.எஸ். விக்டரி. 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் கொடியைத் தாங்கிய கப்பல். இங்கிலாந்தின் சாத்தம் துறையில் 1759இல் அதற்குக் கீல் போட்டார்கள். நம் கடலோரத் தமிழில் ‘ஏரா’. எலும்புக்கூட்டைக் கட்டி முடித்ததும் மரம் பதப்படுவதற்காக அப்படியே விட்டுவைப்பது அக்கால வழக்கம். சாதாரணமாகச் சில மாதங்கள். விக்டரிக்கு அது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆனது. ஏழாண்டுப் போர் முடிந்துவிட்டதால் கப்பலுக்கு அவசரம் இல்லாமல் போனதே காரணம். 1765இல்தான் அது தண்ணீரைத் தொட்டது. அதன் நீண்ட ஆயுளுக்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. இன்றும் போர்ட்ஸ்மத்தில் அது நிற்கிறது. வெளிப்பலகைகள் உளுத்துப்போனதால், 2022 முதல் பழையவற்றைக் கழற்றிப் புதிய ஓக் பலகை போடும் பெரிய சீரமைப்பு வேலை நடந்துவருகிறது. பலகையை மாற்றலாம். எலும்புக்கூடு நின்றால்தான் அதை மாற்றுவதற்கு அர்த்தம்.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்வீடனின் வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கிய போர்க்கப்பல். மேல்பாரம் அதிகமானதுதான் மூழ்கியதற்கு முதன்மைக் காரணம். ஆனால் 1961இல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலை அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லை. தச்சர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்களும் கிடைத்தன. இரண்டில் அடிக்கு 12 அங்குலம், ஸ்வீடன் கணக்கு. மற்ற இரண்டில் அடிக்கு 11 அங்குலம், ஆம்ஸ்டர்டாம் கணக்கு. ஒரே கப்பலில், இரண்டு கணக்கு. குறுக்குச் சட்டத்தின் இடப்பக்கத்தை ஒரு நாளும் வலப்பக்கத்தை வேறொரு நாளும் கண்ணளவில் இழைப்பவர் வாசாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு தேவையா?"

நியாயமான கேள்வி. நாள் முழுக்க டெட்லைனோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், வார இறுதியிலும் மூலைமட்டம் பிடிக்க வேண்டுமா? பிளாஸ்டிக் கிட் வாங்கினால் ஹல் இரண்டு பாதியாக, தயாராகவே வருமே?

பிளாஸ்டிக் கிட்டில் தவறில்லை. வர்ணம் பூசுவதிலும் கயிறு கட்டுவதிலும் ஆர்வம் உள்ளவருக்கு அதுவே நல்லது. ஆனால் மரக் கிட் வாங்குபவர் காசு கொடுப்பது ஹல் கட்டும் அனுபவத்துக்குத்தான். அதை அவசரமாகத் தாண்டினால், பெட்டியில் இருந்த நல்ல பாகத்தையே தூக்கிப்போட்டது போல. அதுபோக, அலுவலகத்தில் "இப்போதைக்குப் போகட்டும், அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்று பழகியவர்களுக்கு இந்தக் கட்டை ஒரு பயனுள்ள விஷயத்தைக் கற்றுத்தருகிறது. எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. எதை ஒத்திப்போடலாம், எதை ஒத்திப்போடவே கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். அதை மீட்டிங்கில் கேட்டுக் கற்பதைவிடக் கையில் உப்புத்தாளோடு கற்பது எளிது.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் கப்பலாக விக்டரியை வாங்காமல் இருப்பதே நல்ல தொடக்கம். கிட்டுக்குக் கொடுக்கும் பணம் மட்டும் கணக்கில்லை. நூறு பீரங்கிகள் கொண்ட கப்பலின் ஹல்லைக் கற்றுக்குட்டிக் கையோடு தொடுவது, நீச்சல் தெரியாதவர் நேராக நடுக்கடலில் இறங்குவது மாதிரி. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் புதியவர்களுக்கென்றே மூன்று சின்னப் படகுகளை, எளிதில் தொடங்கிக் கடினம் ஏறும்படி வரிசைப்படுத்தி விற்கிறது: ஒரு டோரி மீன்பிடிப் படகு, ஒரு நார்வே பாய்ப்படகு, பிறகு ஒரு சிங்கி இறால் படகு. எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒற்றைப் பாய்மரம், இரட்டை அடுக்குப் பலகை, பீரங்கி இல்லாத சின்னப் படகு என்று தேடினால் சரியான இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

அதை வாங்கியவர் காலண்டரில் குறிக்க வேண்டியது ஒன்றுதான். எலும்புக்கூட்டுக்கும் அதை இழைப்பதற்கும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் பலகைக் கட்டின் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றக் கூடாது. அதன்பிறகு பலகை ஒட்டத் தொடங்கினால் ஒரு நாளைக்கு இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று போதும். கோணினால் கோணட்டும். தேய்த்துக்கொள்ளலாம்.

அலமாரியின் மேல்தட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி தூசி படிந்து கிடந்தால், அதையும் இறக்கிப் பார்க்கலாம். கைவிட்ட நாளில் பெரிதாகத் தெரிந்த தப்பு பலகையில் இருக்கிறதா, எலும்புக்கூட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பலகையில்தான் என்றால் அந்தக் கப்பல் இன்னும் மூழ்கவில்லை.