கல் சொல்வதும் சொல்லாததும்

இறந்தோர் பெயரைக் கல்லிற் பொறித்தல் உலகமெங்கும் நிலவிவந்த வழக்கமாகும். ஆயினும், கல்லிற் கண்டதனாலேயே ஒரு செய்தியை முழு உண்மையெனக் கொள்ளுதல் முறையன்று. கல்லை நாட்டியவர் யாவர், அவர் எதனைக் கூற விரும்பினர், எதனைக் கூறாது விட்டனர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே அதனைப் படித்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

உரோமப் பேரரசின் துணைப்படைக் குதிரைவீரருக்கு எடுத்த கல்லறைக் கற்கள் இதற்குத் தக்க சான்றாகும். இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் 1928இல் லொஞ்சினஸ் என்பானது கல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. திரேசியனாகிய அவன் 15 ஆண்டு பணியாற்றி 40ஆம் வயதில் மாண்டான் என்றும், அவனது மரணசாசனப்படி வாரிசுகள் கல்லை நாட்டினர் என்றும் அது கூறும். குதிரைமீது அவன் நிமிர்ந்திருக்க, கீழே பகைவன் ஒடுங்கிக் கிடக்கின்றான். இத்தகைய காட்சி ரைன் நதிக்கரைக் கற்கள் பலவற்றிலும் உண்டு. ஆதலின், அஃது ஒரு தனிப்போரின் படம் அன்று, சிற்பியர் மரபேயாம். அகழ்ந்தபோது வீரனுக்கு முகம் இல்லை. கி.பி. 60 அளவில் கிளர்ந்தெழுந்த பௌடிக்கா அரசியின் படையினர் சினத்தால் அதனைச் சிதைத்தனர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 1996இல் அம்முகம் அவ்விடத்திலேயே கிடைத்தது. 1928இல் தோண்டியபோதே அது உடைந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. முந்திய கதை சுவைமிக்கது. ஆனால் கல் அதனைச் சொல்லவில்லை.

நம் முன்னோரும் வீரருக்குக் கல் நாட்டினர். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுக்கின்றது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த ஒருவனின் பெயரை இன்றும் காத்து நிற்கின்றது. செங்கம் வட்டாரத்து நடுகற்களோ அரசனையும் ஆட்சியாண்டையும் முன்வைத்தே வீரனைக் குறிப்பிடுகின்றன. சாதாரண வீரனுக்கும் கல்லில் இடம் கிடைத்தது. ஆயின், ஊரார் நினைவுகூர விரும்பிய சாவு ஒன்றே அவ்விடத்தை அவனுக்கு அளித்தது.

இனி நமது மலைநாட்டை நோக்குவோம். கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இற் காலமானார். கண்டி மஹியாவை மயானத்திலுள்ள அவரது கல்லறை, தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என அவரைப் போற்றுகின்றது. அப்புகழ் அவருக்கு உரியதே. எனினும், காடு வெட்டிய கைகளைப் பற்றி அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்தோருட் பலர் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தனர். கல் நாட்ட அவர்களுக்கு வாரிசுகளும் அருகில் இல்லை, பொருளும் இல்லை. கல் இன்மையால் அவர் வாழ்வும் இன்றாகிவிடுமோ?

ஆகலின், பழைய மாணவரும் இன்றைய மாணவரும் தத்தம் குடும்பத்து முதியோரை அணுகி, முன்னோர் பெயர், புறப்பட்ட ஊர், வந்து சேர்ந்த தோட்டம், மண்ணான இடம் ஆகியவற்றை எழுதிவைத்தல் கடன். கூறியவர் யார், கேட்ட நாள் எது என்பனவும் உடன் குறிக்கப்படல் வேண்டும். கல்லிடம் எழுப்பும் மூன்று வினாக்களை வாய்மொழியிடமும் எழுப்புக. அறியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாது வெற்றிடமாகவே விடுக. பெயரற்று மாண்டோருக்கு நாம் செலுத்தும் மரியாதை, உண்மையையன்றி வேறெதனாலும் நிறைவுறாது.