கிரைண்டர் ஊரில் இல்லாத பாடம்

பிளஸ் டூ மாணவன் ஒருவனிடம் "ஆப்ஜெக்ட் டிசைன்" என்று சொல்லிப் பாருங்கள். சி++ பாடம் என்று நினைத்துக்கொள்வான். அதுவும் கோயமுத்தூரில்! சிரிப்பு வரவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டு கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். 1955-ல் இந்த ஊர் சபாபதி உருவாக்கிய கிரைண்டர் வழியில் கல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. எது சுற்ற வேண்டும் என்பதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு கனமான கல்லிலிருந்து மாவை எப்படி எடுப்பது? சாய்க்கும் கிரைண்டர் வந்தது. சின்ன சமையலறையில் எங்கே வைப்பது? டேபிள் டாப் வந்தது. புவிசார் குறியீடும் கிடைத்தது. பொருள் வடிவமைப்பு என்பது இதுதான். இட்லி மாவோடு வீட்டுக்குள் வந்த விஷயம் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் வரவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் 30 மணி நேர அறிமுகப் பாடம் போதும். கம்ப்யூட்டர் வேண்டாம். முதல் வாரம் ஒரு செம்பு. கழுத்து ஏன் குறுகியிருக்கிறது, விளிம்பு ஏன் வெளியே வளைகிறது? அளந்து வரையட்டும். 1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் வியந்து எழுதியது இந்தச் செம்பைப் பற்றித்தான். அதன் தொடர்ச்சியாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமே வந்தது. அடுத்த வாரம் அட்டை, கத்தரிக்கோல், பசை. ஒரு சாமானைச் செய்து அம்மிச்சி கையில் கொடுக்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று வாயை மூடிக்கொண்டு கவனிக்கட்டும். பிறகு திருத்தட்டும். அவ்வளவுதான் பாடம்!

"இது மார்க்குக்கு உதவுமா?" என்பார்கள். ஐ.ஐ.டி. மும்பை 2015-லிருந்து நடத்தும் யூசீட் தேர்வை எந்த குரூப் மாணவரும் எழுதலாம். காசு இருப்பவர் கோச்சிங் போகிறார். மற்றவருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. பள்ளியில் பாடம் இருந்தால் தெரிந்திருக்கும்.

"ஜி.டி.நாயுடு எந்த கோர்ஸ் படித்தார்?" என்பது அடுத்த கேள்வி. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டவர். உண்மைதான். ஆனால் 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்னால் நின்றவரும் அவரே. எல்லோரும் தன்னைப் போலத் தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. நான்கு வருடம் எதற்கு, குறைந்த காலத்தில் சொல்லிக்கொடுக்கலாமே என்று வாதாடினார். அவர் பெயரைச் சொல்லிப் பாடத்தைத் தடுப்பது நியாயமா?

பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஜாப் ஒர்க். அடுத்தவர் அனுப்பும் டிராயிங், அடுத்தவர் சொல்லும் விலை. அந்தப் பட்டறைக்காரர் பிள்ளையும் மெக்கானிக்கல் சேர்கிறான். ஒரு பொருளைக் கையில் புரட்டிப் பார்க்கும் முன்பே திரையில் வரையப் பழகுகிறான். திரும்பி வந்து என்ன செய்வான்? அப்பா செய்த அதே ஜாப் ஒர்க்கைத்தான், கொஞ்சம் பெரிய மெஷினில். டிராயிங் போடும் பக்கம் அவன் உட்கார வேண்டாமா?