பாடத்தோடு நிறுத்தச் சொல்வது யாருடைய அரசியல்?

பேராசிரியர்கள் பாடத்தோடு நிற்க வேண்டும், அரசியல் பேசலாகாது என்னும் உபதேசம் மீண்டும் உரக்க ஒலிக்கிறது. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர்களை அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குள் அடைக்க முயல்வது அவ்வுபதேசத்தின் நிர்வாக வடிவம். கொள்கைப் பற்று ஆய்வைக் கறைப்படுத்திவிடும் என்பது இவர்களது வாதம். டி.டி. கோசாம்பியின் வாழ்வும் பணியும் இவ்வாதத்தைத் தவிடுபொடியாக்குகின்றன.

மரபணுக்களுக்கு இடையிலான தொலைவைக் கணிக்க 1944இல் அவர் வகுத்த சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. புழங்கப் புழங்க நாணயம் தேய்ந்து எடை குறையும். இவ்வெளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பழங்கால முத்திரை நாணயங்களை எடையிட்டு, புள்ளியியலை வரலாற்றின் கருவியாக்கினார். அதே கோசாம்பிதான் உலக சமாதான இயக்கத்தில் நின்று அணு ஆயுதத்தை எதிர்த்தார். 1956இல் வெளிவந்த தமது இந்திய வரலாற்று நூலின் முதல் அத்தியாயத்திலேயே, தாம் கைக்கொள்வது மார்க்சிய முறை என்பதை ஒளிக்காமல் அறிவித்தார்.

பற்று அவர் கண்ணை மறைத்ததா? கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ. டாங்கே பண்டைய இந்தியா குறித்து எழுதிய நூலை, அது வெளிவந்த 1949ஆம் ஆண்டிலேயே, சான்றுகளின் பலவீனம் காட்டிக் கடுமையாக விமர்சித்தவரும் அவரே. நிலைப்பாட்டைத் திறந்து வைக்கும் அறிஞரை வாசகர் உரசிப் பார்க்கலாம்; 'நடுநிலை' என்னும் திரைக்குப் பின் அதை மறைப்பவரை எப்படிச் சோதிப்பது?

1955இல் ஜெனீவாவில் கூடிய ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமையேற்று, அணுசக்தியே எதிர்காலம் என முழங்கினார் ஹோமி பாபா. அதை எவரும் அரசியல் என்று கூறவில்லை. பாபா இயக்குநராயிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த கோசாம்பியோ, வெயில் கொழிக்கும் இந்தியாவுக்குச் சூரிய ஆற்றலே உகந்தது என 1960இல் புனேயில் வாதிட்டார். 1962இல் அந்நிறுவனம் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அரசின் கொள்கையை ஆதரித்துப் பேசினால் நிபுணத்துவம். எதிர்த்துப் பேசினால் அரசியல்! இன்றைய உபதேசிகளின் அளவுகோலும் இதுவே.

2008இல் இந்திய அரசு கோசாம்பிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மறைந்த அறிஞருக்கு அஞ்சல்தலை, வாழும் அறிஞருக்கு வாய்ப்பூட்டு என்னும் இந்த இரட்டை வேடத்தை ஜனநாயக சக்திகள் ஏற்க முடியாது. வகுப்பறையில் கணக்கையும் வீதியில் நியாயத்தையும் ஒரே நேர்மையோடு பேசும் ஆசிரியரைப் பாதுகாப்பது, அறிவியலையே பாதுகாப்பதாகும்.