காத்து வரலை சார்!

செல்போனில் சிக்னல் கோடு நாலு, மூணு, ஒண்ணு என்று இறங்கி அப்புறம் அதுவும் காணாமல் போனால் யாரைத் திட்டுவீர்கள்? கம்பெனியை. மத்திய அமைச்சரை. அந்த போனை சிபாரிசு செய்த மைத்துனரை. ஒரு சாண் அகலம்கூட இல்லாத விசிறியை யாரும் திட்டியதாகச் சரித்திரம் இல்லை. சில சமயம் குற்றவாளி அதுதான்.

டவருக்கு அடியில் பீரோ மாதிரி ஒன்று நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் போனால் அதே பீரோக்கள் வரிசையாக, கல்யாண மண்டப நாற்காலி மாதிரி நிற்கும். உள்ளே புத்தகம் அடுக்கினது போல கார்டுகள். அவை தின்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஆயிரம் வாட் தின்கிற பீரோ என்றால், அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வருஷம் முழுக்க மறந்துவிட்ட கதைதான். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் ஃபேன் டிரே. மேஜை டிராயர் போல இழுத்தால் வரும். உள்ளே நாலோ ஆறோ குட்டி விசிறிகள்.

இவை நம் வீட்டு ஃபேன் மாதிரி 230 வோல்ட்டில் சுற்றுகிறவை அல்ல. டெலிகாமில் எல்லாமே மைனஸ் 48 வோல்ட். அது என்ன மைனஸ்? பாட்டரியின் பாசிடிவ் முனையைப் பூமிக்குக் கொடுத்துவிட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கிற செம்புக் கேபிளை ஈரம் அரிக்காமல் இருக்க அந்தக் காலத்துப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. கேபிள் பல இடங்களில் கண்ணாடி இழையாகிவிட்டது. மைனஸ் மட்டும் குலவழக்கமாகத் தொடர்கிறது.

விசிறியிலிருந்து கரண்டுக்கு இரண்டு ஒயர் போக, மூன்றாவதாக ஒரு ஒயர் வரும். முக்கியமான ஆசாமி. விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் வழக்கமாக இரண்டு துடிப்பு அனுப்புவார். கண்ட்ரோல் போர்டு அதை எண்ணி, வேகம் எவ்வளவு என்று கணக்குப் போடும். சொன்ன வேகம் வரவில்லையா? அலாரம். நூறு கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. அறையில் இருக்கிற கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு வரி ஓடும்.

அங்கே ராத்திரி ஷிப்டில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஷிப்டில் இப்படி எத்தனையோ வரி. கதவு திறந்தது ஒரு வரி, கரண்ட் போனது ஒரு வரி, வந்தது ஒரு வரி. இதில் 'ஃபேன்' என்று பார்த்ததும் கை தானாகப் போய் 'பார்த்தேன்' பட்டனை அமுக்கும். லைன் ஓடுதில்ல? அப்ப காலைல பாத்துக்கலாம்.

இந்த 'காலைல பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தகராறு. அலாரம் அடித்த நிமிஷமே டவர் படுத்துவிடாது என்பது வாஸ்தவம். ஒரு விசிறி செத்தால் மீதி விசிறிகள் முழு மூச்சில் சுற்றிச் சமாளிக்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு விலை உண்டு. நான் பி.காம். எனக்குப் புரிந்த கணக்கைச் சொல்கிறேன். விசிறி வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் வரும். கரண்ட் எட்டு மடங்கு! வட்டிக்கு விடுகிறவர்கள்கூட இப்படிக் கேட்பதில்லை. கொஞ்சம் கூடுதல் காற்றுக்கு மீதி விசிறிகள் பேரிங் தேய ஓடி, அடுத்தடுத்து மண்டையைப் போடும். கார்டுகளில் இருக்கிற கெபாசிட்டர்களுக்கு 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதி என்பது அந்தத் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. கடைசியில் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே ஆஃப் ஆகும். அது பெரும்பாலும் அக்னி நட்சத்திரத்து மத்தியானமாக இருக்கும். 2008-ல் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு, ஒரே ஒரு டவரை நம்பி இருக்கிற கிராமத்தில் சிக்னல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அக்னி நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. நெப்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு தர விதி. டெலிபோன் கருவி இருக்கிற அறை 5 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 50 வரை போகலாம், ஆனால் தொடர்ந்து 96 மணி நேரம், வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது என்கிறது. பதினைந்து நாளாம்! திருத்தணிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஊர் கத்திரியே இருபத்தஞ்சு நாள் சார்.

இதை நம்மவர்கள் யோசிக்காமல் இல்லை. 1984-ல் ஆரம்பித்த சி-டாட், கிராமத்துக்கென்று 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தது. முதலாவது 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூரில் வந்தது. அதன் பெருமையே ஏ.சி. அறை கேட்காது என்பதுதான். தூசி, வெயில் எல்லாவற்றோடும் குடும்பம் நடத்தியது. இன்றைய கார்டுகள் அப்படி இல்லை. வேலையும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி.

சரி, அலாரம் வந்துவிட்டது. ஆசாமி போய்ப் பார்க்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற தம்பி இந்த வேலையில்தான் இருக்கிறான். கான்டிராக்ட். பைக், ஒரு பை, பையில் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், இட்லி. அவன் சொல்கிற முதல் விதி: "அண்ணே, போனதும் கையை உள்ள விடக் கூடாது. காதை விடணும்."

எல்லா விசிறியும் மௌனம் என்றால் அத்தனையும் ஒரே நாளில் சாகவில்லை. கரண்ட் வரவில்லை. ஃப்யூஸ், பிரேக்கர், டிரே சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பின்னால் கனெக்டரில் ஊசி வளைந்திருக்கிறதா என்று அந்தப் பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் நிற்கிறதா? பேரிங், அல்லது இறக்கையில் ஏதோ சிக்கியிருக்கிறது. பல்லி, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக், ஒரு தடவை குளவிக்கூடு. எல்லாமே ஜோராகச் சுற்றுகிறது, ஆனாலும் அலாரம் என்றால் அந்த மூன்றாவது ஒயர்க்காரர் பொய் சொல்கிறார். அல்லது யாரோ மலிவாகக் கிடைத்ததென்று வேறு மாடல் விசிறியைப் போட்டிருக்கிறார்கள், துடிப்புக் கணக்கு தப்புகிறது. எல்லாம் பேய் மாதிரி அலறுகிறதா? பல கருவிகளில் கண்ட்ரோல் போர்டோடு பேச்சுவார்த்தை முறிந்தால் விசிறி தானாக முழு வேகத்துக்குப் போய்விடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்கிற ஜாக்கிரதை.

விசிறிதான் குற்றவாளியா, அது உட்கார்ந்திருக்கிற இடமா என்று சந்தேகம் வந்தால் ஒரு அருமையான வழி இருக்கிறது. ஒன்றாம் நம்பர் விசிறியை இரண்டாம் இடத்திலும், இரண்டை ஒன்றிலும் மாற்றிப் போடு. அலாரம் விசிறியோடு கூடவே போனால் விசிறி கெட்டது. அலாரம் இடத்திலேயே நின்றால் விசிறி நல்லது, இடம் கெட்டது. மாமியார் மருமகள் சண்டையில்கூட இந்த முறையைப் பரிசோதிக்கலாம் என்று தோன்றுகிறது. நான் சிபாரிசு செய்ததாகச் சொல்ல வேண்டாம்.

டிரேயை உருவுவதற்கு முன்னால் மாற்று டிரே அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்து கையில் தயாராக இருக்க வேண்டும். ஓடுகிற கருவியில் டிரே இல்லாமல் சில நிமிஷம்தான் தாங்கும்; எத்தனை நிமிஷம் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும். மணிக்கட்டில் எர்த் பட்டை. பாதி இழுத்து, இறக்கை நிற்கிறவரை பொறுத்து, அப்புறம் முழுசாக. கரண்ட் போன பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றும். விரல் நகத்துக்கு ஸ்பேர் கிடையாது.

விசிறி எல்லாம் நலம், ஆனால் சூடு அலாரம் மட்டும் நிற்கவில்லை என்றால் காற்றின் பாதையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஃபில்டர் கம்பளிப் போர்வையாகியிருக்கும். கழுவுகிற ரகமாக இருந்தால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு சொருகுகிற புண்ணியவான்கள் உண்டு. ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு "அலாரம் க்ளியர் சார்" என்று போன் பண்ணுகிற மகா புண்ணியவான்களும் உண்டு. அடுத்த வருஷம் அந்தத் தூசி முழுக்க கார்டு மேல் இருக்கும்.

இன்னொன்று, கார்டு இல்லாத காலி இடத்துக்கு ஒரு வெறும் மூடி உண்டு. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டு கழற்றி வைத்துவிடுவார்கள். காற்றும் தண்ணீர் மாதிரிதான், சுலபமான வழியில் ஓடும். வாய்க்காலில் ஒரு இடத்தில் உடைப்பு எடுத்தால் கடைமடை வயல் காய்வதில்லையா? காற்று காலி இடத்தில் சுகமாகப் போய்விடும். பக்கத்துக் கார்டு வேகும்.

தம்பிக்கு வந்த கேஸ் ஒன்று. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சைட். தினம் மத்தியானம் ரெண்டு, ரெண்டரைக்கு ஃபேன் யூனிட்டில் சூடு அலாரம். கண்ட்ரோல் ரூம் டிக்கெட் போடும். இவன் வேறு இரண்டு சைட் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர ராத்திரி எட்டு. டிரேயை மாற்றுவான். அலாரம் இல்லை. 'டிரே மாற்றப்பட்டது, சரியானது' என்று எழுதி டிக்கெட்டை மூடுவான். நாலு நாளில் திரும்ப வரும். இப்படி மூன்று டிரே. அதிகாரி கூப்பிட்டு, "என்னப்பா, நீ போறியா, இல்ல வீட்ல உக்காந்து எழுதறியா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாசம் கான்டிராக்ட் புதுப்பிக்கிற மாசம். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

அன்றைக்கு அவன் ராத்திரி தூங்கவில்லை. காலையில் காபி குடிக்க வந்தவன், "அண்ணே, நான் மாத்தாட்டியும் ராத்திரி எட்டு மணிக்கு அலாரம் இருக்காது, இல்ல?" என்றான்.

அதுதான் சங்கதி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தானாக அடங்குகிற அலாரத்துக்கு இவன் டிரே மாற்றிவிட்டு, மாற்றினதால் அடங்கியது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று மறுநாள் பகல் ஒரு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஊரில் அப்போது தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் கட். அந்த நேரம் டவர் பாட்டரியில் ஓடும். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ரெக்டிஃபயர் என்கிற பெட்டி, காலியான பாட்டரியை நிரப்பப் பசியோடு கிளம்பும். முழுக் கரண்ட், முழுச் சூடு. அந்த ரெக்டிஃபயர் பீரோவைச் சமீபத்தில்தான் புதிதாக வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் அதன் வெந்நீர் அண்டா மூச்சு, நம் பீரோவின் காற்று வாங்குகிற வாய்க்கு நேராக வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி குறுக்கே கையை வைத்துப் பார்த்தான். சுட்டது. நம் பீரோவின் விசிறிகள் ஆறும் அந்தச் சூட்டைத்தான் விசுவாசமாக உள்ளே இழுத்து கார்டுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. வேகமாகச் சுற்றச் சுற்ற, இன்னும் நிறைய.

பக்கத்து ஊர் பட்டறையில் ஒரு தகரம் வெட்டி வளைத்து வாங்கி, சூட்டுக் காற்று மேலே திரும்புகிற மாதிரி நடுவில் நிறுத்தினான். மேலதிகாரியிடம் போனில் கேட்டுவிட்டுத்தான். மூன்று மணிக்கு சூடு இறங்கியது. மறுநாள் இரண்டு மணிக்கு அலாரம் இல்லை. அந்தக் கோடை முழுக்க இல்லை.

கான்டிராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். தகரத்துக்கும் ஆசாரிக்கும் சேர்த்து 350 ரூபாய் பில் வைத்தான். திரும்பி வந்தது. மூன்று ஃபேன் டிரேக்கும் தடையில்லாமல் கணக்கு எழுதிய அதே ஆபீஸ், 'தகரம் என்ற உதிரி பாகம் பட்டியலில் இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. என்னிடம் கொண்டு வந்து காட்டினான். பி.காம். படித்தவனாச்சே! 'காற்றுத் திசை திருப்பும் உபகரணம் - ஒன்று' என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இன்னும் மேஜையில்தான் இருக்கிறதாம்.