வாசல் வரை வந்து திரும்பலாமா?

பீடோர் என்றதும் பலருக்குக் கொய்யாப் பழமும் வாத்து மீயும்தான் நினைவுக்கு வரும். எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் முதலாமாண்டு மாணவன். விடுதியைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். சில வாரங்களில் விரிவுரையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் ஓர் எண் முகவரி, ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். "இவற்றைக் கொண்டு நமது மெய்நிகர் கணினியுடன் தொலைவிலிருந்து இணைந்து பயிற்சியைச் செய்து முடியுங்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அக்காள் பயன்படுத்தி ஓய்ந்துபோன மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று நாள் போராடினேன். இணைய முடியவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தது நமக்கு மட்டும் தெரியவில்லையே என்ற கூச்சம். பாடத்தையே மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். நான்காம் நாள் இரவு, தமிழ்மொழிக் கழகத்தில் பழகிய ஒரு மூத்த மாணவரை அழைத்தேன்.

"திரையில என்னா வருது? அப்படியே படி," என்றார்.

"டைம்ட் அவுட்னு வருதுண்ணே."

"அப்படின்னா நீ இன்னும் வாசலுக்கே போய்ச் சேரல. வி.பி.என். போட்டியா?"

"அது என்னாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. இருபதே நிமிடத்தில் நான் உள்ளே இருந்தேன். மூன்று நாள் எங்கே, இருபது நிமிடம் எங்கே! அந்த இடைவெளியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மெய்நிகர் கணினி என்பது ஏதோ மாயவித்தை அன்று. நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே நீண்ட கூரை. அதன்கீழ் தடுப்புச் சுவர் வைத்துப் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. அதுபோலவே, எங்கோ இருக்கும் ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருள் பல கணினிகளாகத் தடுத்துத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி இயங்குதளம். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே வி.எம்./370 என்னும் அமைப்பை வெளியிட்டுவிட்டது.

அந்த வீட்டுக்குப் போய்ச்சேரும் வழிகளில் புகழ்பெற்றது எஸ்.எஸ்.எச். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதைக் கண்ட தாத்து யூலோனென் 1995இல் இதை உருவாக்கினார். லினக்ஸ் கணினிக்கு இவ்வழியில் போகும்போது வழக்கமான கதவு எண் 22. விண்டோஸ் திரையை அப்படியே பார்க்க வேண்டுமானால் ஆர்.டி.பி. என்னும் வழி, கதவு எண் 3389. 2018 முதல் விண்டோஸ் 10இலேயே எஸ்.எஸ்.எச். சேர்ந்து வருவதால் தனி மென்பொருள் தேடி அலைய வேண்டியதுமில்லை.

புதியவர் தடுக்கி விழும் இடங்கள் மிகச் சிலவே. "டைம்ட் அவுட்" என்றால் வாசலையே அடையவில்லை என்று பொருள். முகவரி தவறாக இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், காப்பரண் தடுத்திருக்கலாம். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் முகவரி வளாகத்தின் உள்முகவரி. வெளியிலிருந்து அதை நேராக எட்ட முடியாது, முதலில் வி.பி.என். வழியாக வளாகத்துக்குள் நுழைய வேண்டும். என் மூன்று நாளைத் தின்றது இதுதான். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால் பெரும்பாலும் வீட்டை அடைந்துவிட்டோம், அந்தக் கதவில் பதில் சொல்ல யாருமில்லை என்று பொருள். "பெர்மிஷன் டினைட்" என்றால் ஆள் வந்து பார்த்து, உங்கள் பெயரையோ சாவியையோ ஏற்கவில்லை. மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எப்படிக் குணமாகும்?

இன்னொன்று: கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே நான் நினைத்தேன். அது கெடவில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. இதைச் சொல்ல ஒரு நொடி போதும். சொல்ல ஆளில்லை என்றால் ஓர் இரவே போய்விடும்.

இதில் நம் மாணவர்களுக்கு என்ன ஆதாயம் என்று கேட்கலாம். கணினித் துறையில் சேரும் பிள்ளைக்குப் புத்தம்புது மடிக்கணினி வேண்டும் என்று பெற்றோர் கடன் வாங்குவதைப் பார்க்கிறோம். கல்விக் கடனின் முதல் தவணை அதிலேயே கரைவதும் உண்டு. கனமான வேலையைத் தொலைவிலுள்ள கணினி செய்யுமானால், பழைய மடிக்கணினியே பல பாடங்களுக்குப் போதும். மைக்ரோசாப்டின் மாணவர் திட்டத்தில் கடன் அட்டை இல்லாமலேயே 100 அமெரிக்க டாலர் மதிப்புள்ள மேகக் கணினிப் பயன்பாடு கிடைக்கிறது. ஆனால் கவனம் தேவை. அங்கே கணினியை உள்ளிருந்து அணைத்தால் மட்டும் போதாது. கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் நிறுத்தி விடுவித்தால்தான் அதன் வாடகை நிற்கும். குழாயைத் திறந்துவிட்டு வெளியூர் போகக்கூடாதல்லவா?

"இணையமே சரியாகக் கிடைக்காத இடத்தில் இது எதற்கு?" என்போர் உண்டு. நியாயமான கேள்விதான். அதே 2020இல் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின் மேல் ஏற வேண்டியிருந்ததை நாடே பார்த்தது. ஆயினும் எஸ்.எஸ்.எச். பெரும்பாலும் வெறும் எழுத்தையே கொண்டுசெல்வது. கைத்தொலைபேசித் தொடர்பே அதற்குப் போதும். டிமக்ஸ் என்னும் சிறு கருவியைப் பழகிக்கொண்டால், அடைமழையில் தொடர்பு அறுந்தாலும் தொடங்கிய வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஆங்கிலத்தில் ஆயிரம் காணொளிகள் உள்ளன, கேட்டால் செயற்கை நுண்ணறிவும் பதில் சொல்கிறது. தமிழ்மொழிக் கழகத்துக்கு இதில் என்ன வேலை?" என்றும் கேட்பார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை. காணொளிக்கு என் கூச்சம் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்தது. 1985லேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தந்த நாடு இது. கணினியைத் தமிழுக்குப் பழக்கிய மண்ணில், தமிழ்ப் பிள்ளைகளைக் கணினிக்குப் பழக்குவது கழகத்தின் வேலையன்றி வேறு யாருடையது?

ஒன்றைச் சிந்தியுங்கள். ஜொகூர் மாநிலம் கூலாயில், முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்துள்ளது. 2024 ஆகஸ்டில் அமேசான் தனது மேகக் கணினி வட்டாரத்தை மலேசியாவிலேயே தொடங்கியது. தோட்டத்து மண்ணில் இப்போது மெய்நிகர் லயங்கள் எழுகின்றன. நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டியும், நிலம் அவர்களுடையதாக இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறுசிறு பங்குப்பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. தனியாளால் முடியாதது கூட்டாக முடிந்தது. அந்த வரலாறு உடைய நாம், இந்தப் புதிய தோட்டத்தின் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாமா?

நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் வந்த முதல் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஒரு மூத்தவர் பக்கத்தில் அமர, ஒவ்வொரு புதியவரும் ஒருமுறையாவது தொலைவிலுள்ள ஒரு கணினிக்குள் தம் கையாலேயே நுழைந்து வெளிவர வேண்டும். மேற்சொன்ன பிழைச் செய்திகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதிய இரண்டு பக்கத் தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதன் கீழே, இரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய ஒரு மூத்தவரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் அதற்கு முன்வர வேண்டும். என் எண்ணை நான் கழகத்திடம் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் அந்த அழைப்பை எடுக்க ஒருவர் இருந்ததால்தான் நான் இத்துறையில் இருக்கிறேன். அழைக்க எவரும் இல்லாமல் வாசலோடு திரும்பிப்போனவர்கள் எத்தனை பேரோ! இனி ஒருவரும் அப்படித் திரும்ப விடாதிருப்போம்.